ஆறாவது தூணில் ஒரு வில்லை

மைனாவுக்கு உயரம் ஆகாது. நாற்காலியில் ஏறி பல்பு மாட்டச் சொன்னாலே முழங்கால் தந்தியடிக்கும். அப்பேர்ப்பட்டவனை ஆற்றின் நடுவே முப்பதடிச் சாரத்தில் ஏற்றிவிட்டு, கீழே மணலில் குடை பிடித்துக்கொண்டு நின்றார் அவனுடைய முதலாளி, துப்பறியும் டீச்சர்.

"மேல என்ன தெரியுது மைனா?"

"எங்க முன்னோர்கள் தெரியறாங்க டீச்சர். வா வான்னு கூப்பிடறாங்க."

"அவங்களை அப்புறம் விசாரிக்கலாம். ஆணி தெரியுதா பாரு."

தெரிந்தது. தூணின் தலைப்பக்கம், கல்லுக்குள் இறக்கிய பழைய இரும்பு ஆணி. அதில் துருப்பிடித்த கம்பி ஒன்று தொங்கியது. மைனா ஒரு கையால் சாரத்தையும் மறு கையால் உயிரையும் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தான்.

"கம்பி இருக்கு. மூணு சுத்து சுத்தி, முனையை உள்பக்கமா மடிச்சு விட்டிருக்கு. கையைக் கிழிச்சிடக் கூடாதுன்னு மடிக்கிற மாதிரி."

"வெள்ளத்துல அடிச்சிட்டு வந்து மாட்டியிருக்குமா?"

"வெள்ளம் ரயில் பாலத்தையே முறுக்கும் டீச்சர். ஆனா கம்பி முனையை இவ்வளவு அக்கறையா மடிக்காது."

"இறங்கி வா. அது போதும்."

ஏறியதைவிட இறங்கியது பெரும்பாடு. கால் மணலில் பட்டதும் மைனா தூணைத் தட்டிக் கொடுத்தான். தூணின் மேல் வெள்ளைச் சாயத்தில் 6 என்று எழுதியிருந்தது. பாதி அழிந்திருந்தாலும் படிக்க முடிந்தது. மேற்குக் கரையிலிருந்து எண்ணினால் ஆறாவது. அந்தப் பழைய ரயில் பாலத்துக்கு மொத்தம் ஏழு தூண்கள், இடைவெளிகளாக எட்டுக் கண். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளத்தில் நாலாவது தூணுக்குக் கிழக்கே இருந்த நாலு கண்ணும் ஒரே இழுப்பில் ஆற்றோடு போய்விட்டன. மிச்சத்தை ரயில்வேக்காரர்கள் கழற்றி எடுத்துக்கொண்டு, வேறு இடத்தில் வேறு பாலம் கட்டிக்கொண்டார்கள். தூண்கள் மட்டும் நின்றன. இந்தக் கோடையில் அவற்றையும் உடைக்க ஆள் வந்துவிட்டது.

உடைக்க வந்த ஆட்களில் ஒருவன்தான், போன வாரம், ஆறாவது தூணில் தொங்கிய பித்தளை வில்லையை அறுத்தெடுத்து சைட் ஆபீஸில் கொடுத்தான். உள்ளங்கை அகலத்தில் வட்ட வில்லை. நடுவில் 15 என்று வெட்டிய எண். ஆபீஸில் வருகைப் பதிவு எழுதும் பெண் அதை வாங்கிப் பார்த்து, ரோந்துக்காரர் வில்லை என்று அடையாளம் கண்டு, நேற்று அதோடு டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

இருபத்திரண்டு வயதுப் பெண். இன்னமும் எல்லாருக்கும் குட்டிதான். இப்போது டீச்சர் பக்கத்தில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"இதை அத்தைகிட்ட காட்ட எனக்குத் தைரியம் வரல டீச்சர்" என்றாள். "மாமா செத்துட்டார்னு சொல்ற மாதிரி ஆயிடும். இல்ல, ஓடிப்போறப்ப கழட்டி மாட்டிட்டுப் போனார்னு ஆயிடும். எதுன்னு தெரியாம எப்படிக் காட்டறது."

சொந்த அத்தை இல்லை. குட்டியின் அப்பாவை அவர் அண்ணன் என்று கூப்பிடுவதால் அத்தை. அவருடைய கணவர் பாலத்தில் ரோந்து பார்த்தவர். வெள்ளம் வந்த அன்று மத்தியானம் வேலைக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. விசாரணை அறிக்கை அவரைத் தலைமறைவு என்றது. ஊர், ஓடிப்போனவன் என்றது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. ரயில்வே குடியிருப்பில் அதே வீட்டில் உட்கார்ந்துகொண்டார். ஒரு ராத்திரிகூட வெளியே தங்கியதில்லை. வந்தால் எங்கே வந்து தேடுவார் என்பது அவர் கேள்வி. வெள்ளிக்கிழமை அந்தக் குடியிருப்பையும் இடிக்கிறார்கள். இன்றைக்குப் புதன். அத்தை ஒரு பாத்திரத்தைக்கூட எடுத்து வைக்கவில்லை.

"இரு, உன் அப்பா யாருன்னு மைனாவுக்குச் சொல்லு" என்றார் டீச்சர்.

"அப்பாவும் ரோந்துதான். கிழக்குக் கரை. பாலம் விழுந்த அன்னைக்கு ஓடிப்போய் சிவப்புக் கொடி காட்டி ஆறு மணி ரயிலை நிறுத்தினது அவர்தான். முந்நூறு பேர் பிழைச்சாங்க. ஊர்ல கொடிக்காரர்னா எல்லாருக்கும் தெரியும்." சொல்லும்போதே அவள் குரல் தாழ்ந்தது. "அன்னைக்குத்தான் நானும் பொறந்தேன். சாயங்காலம் அஞ்சு பத்துக்கு. ஈரம் காயறதுக்குள்ள என்னை முதல்ல கையில வாங்கினது அப்பாதான். சின்ன வயசுல தினம் அந்தக் கதையைக் கேட்டுட்டுத்தான் தூங்குவேன். ஆனா பிறந்தநாள்னு எதுவும் செஞ்சதில்ல. அத்தை வீட்ல அழுதிட்டிருப்பாங்க, நாம எப்படிச் சிரிக்கறதுன்னு அப்பா சொல்லிடுவார்."

டீச்சர் குடையை மடக்கினார். பதினெட்டு வருஷம் பெண்கள் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். விடை தப்பு என்றால் எந்த வரியில் தப்பு நுழைந்தது என்று பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே போவது அன்றைய பழக்கம். துப்பறிய வந்த பிறகும் அது போகவில்லை.

"வா, அத்தையைப் பாக்கலாம்" என்றார்.

*

குடியிருப்பு வரிசையில் எட்டு வீடுகள். ஏழில் கதவும் ஜன்னலும் ஏற்கெனவே பிடுங்கப்பட்டிருந்தன. எட்டாவதில் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அத்தை பள்ளிச் சீருடை தைப்பவர். ஐம்பது வயதிருக்கும். மெஷினை நிறுத்தாமலே வந்தவர்களை நிமிர்ந்து பார்த்தார்.

"காலி பண்ணச் சொல்ல வந்தீங்களா? வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கு."

"இல்லம்மா" என்றார் டீச்சர். "ஒண்ணு காட்ட வந்தோம்."

வில்லையைத் தையல் பலகையின் மேல் வைத்தார். மெஷின் நின்றது. குட்டி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அத்தை வில்லையை எடுத்தார், திருப்பினார், கட்டை விரலால் எண்ணைத் தடவினார். 

"இது அவரோடது இல்ல" என்றார் அத்தை.

மைனாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இதற்காகவா முப்பதடி ஏறினேன் என்று கேட்க வாய் வரை வந்தது. டீச்சர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். டீச்சரின் முகம், பிள்ளை ஒன்று கரும்பலகையில் சரியான வரியைத் தொட்டுவிட்ட மாதிரி ஆகியிருந்தது.

"எப்படிச் சொல்றீங்க?"

"அவர் பதினாலு. லாந்தர், மழைக்கோட்டு, கொடிக்குச்சி, எல்லாத்துலயும் பதினாலுன்னுதான் அடிச்சுக் கொடுப்பாங்க. பதினஞ்சு..." அத்தை குட்டியைத் திரும்பிப் பார்த்தார். "பதினஞ்சு உங்கப்பாவோடது."



"மழைக்காலம்னா ரோந்து எப்படி நடக்கும்மா? கொஞ்சம் சொல்லுங்க" என்றார் டீச்சர்.

"இவர் இந்தக் கரையிலிருந்து நடப்பார். அண்ணன் அந்தக் கரையிலிருந்து. நடுப்பாலத்துல, நாலாவது தூண்ல, ரெண்டு பேரும் பாத்துக்குவாங்க. இவர் வில்லையை அவர்கிட்ட கொடுத்து, அவரோடதை இவர் வாங்கிட்டு வருவார். அதைக் குடிசைல இருக்கிற மேஸ்திரிகிட்ட காட்டணும். அடுத்தவன் வில்லை கையில இருந்தாத்தான் பாதிப் பாலம் நடந்தான்னு அர்த்தம். அடுத்த ரோந்துல திருப்பி மாத்திக்குவாங்க. ஏமாத்தவே முடியாது."

"நடு மழையில நம்ம ஆளுங்க குடிசையில படுத்துத் தூங்கிடுவாங்கன்னு ரயில்வேக்கு அவ்வளவு நம்பிக்கை" என்றான் மைனா.

அத்தை சிரிக்கவில்லை. "இவர் தூங்க மாட்டார். வில்லை தொலைஞ்சா வேலை போயிடும்னு சாப்பிடறப்பகூட மடியில வெச்சுக்குவார்."

"அன்னைக்கு என்னம்மா நடந்துச்சு?"

 அத்தை தைத்துக்கொண்டிருந்த சட்டைக் கையை நீவி நீவி விட்டார்.

"மத்தியானம் சண்டை போட்டேன்" என்றார். "அண்ணனுக்குக் குழந்தை பொறக்கப் போகுது. எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம், ஒண்ணும் இல்ல. அந்த வயித்தெரிச்சல்ல வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். பாலத்தையே கட்டிக்கிட்டு அழுங்க, இந்த வீட்டுக்கு வராதீங்கன்னு சொன்னேன். ஒண்ணும் பேசாம எந்திரிச்சுப் போனார். அப்புறம் வரல." நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தார். "நான் சொன்னதால வராம போனாரா, வர முடியாம போனாரா. அது ஒண்ணு தெரிஞ்சா போதும் டீச்சரம்மா. வீட்டை இடிக்கட்டும், என்ன வேணா பண்ணட்டும்."

*

வெளியே வந்ததும் மைனாவால் அடக்க முடியவில்லை.

"கொடிக்காரர் வில்லை ஆறாவது தூண்ல. அப்போ ரெண்டு பேரும் பாத்திருக்காங்க. பாத்து, சண்டை வந்து, கொடிக்காரர் அவரைத் தள்ளி..." பக்கத்தில் குட்டி வருவது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான். சில சமயம் இந்த வாயைத் தைத்துவிட்டால் தேவலை என்று அவனுக்கே தோன்றும்.

"கொல்லப் போறவன் வில்லையை ஒழுங்கா மாத்திக்கிட்டு அப்புறமா கொல்ல மாட்டான்" என்றார் டீச்சர். பையிலிருந்து ஒரு நகலை எடுத்தார். ஆவணக் காப்பகத்தில் மூன்று மணி நேரம் காத்திருந்து வாங்கிய விசாரணை அறிக்கை. "இதைப் படி. சத்தமா."

"'கிழக்கு ரோந்துக்காரர் சொன்னதாவது: ஐந்து மணி ரோந்துக்கு நடுத்தூணுக்குப் போனேன். ஐந்து முப்பது வரை நின்றேன். மேற்கு ரோந்துக்காரர் வரவில்லை. திரும்பிக் கரை ஏறியதும் பாலம் விழுந்தது. ரயிலை நிறுத்த ஓடும்போது என் வில்லை எங்கோ விழுந்துவிட்டது.'"

"என்ன தெரியுது?"

"பொய் தெரியுது. இவர் வில்லை மாமா கைக்குப் போயிருக்கு. அப்போ மாமா வந்திருக்கார்."

"வந்தார். சரி. மாத்திக்கிட்டு மேற்கே திரும்பியிருந்தா, நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு. அந்தப் பக்கம் பாலம் விழவே இல்ல. வீட்டுக்குப் போயிருப்பார். ஆனா வில்லை எங்க இருந்துச்சு?"

மைனா ஆற்றைப் பார்த்தான். தூண்கள் வெயிலில் நின்றன. விரல் விட்டு எண்ணினான். நாலாவதைத் தாண்டி, ஐந்தையும் தாண்டி, ஆறு.

"மேற்குக்கரைக்காரருக்கு ஆறாவது தூண்ல என்ன டீச்சர் வேலை?"

"அதான். பாதி தாண்டி அவர் ஏன் போனார்?"

குட்டி நின்றுவிட்டாள். டீச்சரும் நின்றார். அந்தப் பெண் முகம் வெளிறிப் போயிருந்தது. அவளும் பின்னாலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள் போலும்.

"அஞ்சு பத்துக்கு நான் பொறந்தேன்" என்றாள் மெதுவாக. "அப்பா என்னைக் கையில வாங்கினார். அப்போ அஞ்சரை வரைக்கும் நடுப்பாலத்துல நின்னது யாரு?"

"நீ வர வேண்டாம்மா. நாங்க போய்ப் பேசறோம்."

"நான்தான கொண்டு வந்தேன் டீச்சர். நானும் வர்றேன்."

*

கொடிக்காரர் வீடு அடுத்த தெருவில். பாலம் போன பிறகு மேற்குக் கரைக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தவர். அத்தை வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் பழுது பார்ப்பதிலிருந்து காய்ச்சலுக்கு மருந்து வாங்கிக் கொடுப்பது வரை இருபத்திரண்டு வருஷம் கூடப் பிறந்தவர்போல் இருந்தவர் அவர்தான். மனைவி இறந்து எட்டு வருஷம் ஆகிறது. கூடத்தில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ரயில்வே கொடுத்த பதக்கம். மேஜை விசிறியைப் பிரித்துப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

குட்டி பின்னால் வருவதைப் பார்த்துச் சிரித்தார். "என்னடா குட்டி, இந்நேரத்துக்கே வேலை முடிஞ்சுதா?"

டீச்சர் உட்கார்ந்தார். மூடிய கையை மேஜைமேல் வைத்தார்.

"ஆறாவது தூண்ல ஒரு ரோந்து வில்லை கிடைச்சிருக்குங்க."

கொடிக்காரர் கையிலிருந்த எண்ணெய்க் குப்பி அப்படியே நின்றது.

"பதினஞ்சா?" என்றார்.

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்பது அவருக்கு உறைத்தது. மைனாவுக்குக் கண நேரத்தில் விளங்கிவிட்டது. காணாமல்போன மனிதனின் வில்லை கிடைத்தது என்றால் உலகத்தில் வேறு யாராயிருந்தாலும் 'அவனோடதா' என்றுதான் கேட்பார்கள். அடுத்தவன் வில்லைதான் அவன் மடியில் இருந்தது என்று தெரிந்தவர் ஒரே ஒருவர்.

டீச்சர் கையைத் திறந்தார். பதினைந்து.

"ரயிலை நிறுத்த நீங்க ஓடினது கிழக்கே. வில்லை இருந்தது மேற்கே, ஆத்துக்குள்ள, கம்பி போட்டுக் கட்டி. எப்படிங்க?"

 அவர் குட்டியைப் பார்த்தார். குட்டிதான் பேசினாள்.

"அப்பா, அஞ்சு பத்துக்கு என்னை முதல்ல கையில வாங்கினது நீங்கதானே? அப்போ நீங்க பாலத்துக்கே போகல. அம்மா பக்கத்துல இருந்தீங்க. அதைத்தானே மறைச்சீங்க? பொண்டாட்டிக்குப் பிரசவம்னு வீட்ல இருந்தது ஒரு தப்பாப்பா? சொல்லியிருந்தா என்ன?"

கொடிக்காரர் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். 

"இல்லம்மா" என்றார். "உன்னை முதல்ல வாங்கினது நான் இல்ல."



"மூணு மணி ரோந்துல நடுத்தூண்ல பாத்தப்ப, வலி எடுத்துடுச்சுடான்னு அவன்கிட்ட சொன்னேன். நீ வீட்டுக்குப் போ, அஞ்சு மணி ரோந்துக்கு உன் பாதியையும் நானே நடந்து உன் வாசல்ல வந்து வில்லையை மாத்திக்கறேன்னான். தப்புதான். ரூல் கிடையாது. ஆனா நாங்க ஒருத்தருக்கொருத்தர் செஞ்சுக்கறதுதான். அவன் காய்ச்சல்ல கெடந்தப்ப நான் ரெண்டு பாதியும் நடந்திருக்கேன். சொன்ன மாதிரி வந்தான். நான் பின்கட்டுல வெந்நீர் போட்டுட்டு இருந்தேன். மருத்துவச்சி கதவைத் திறந்திருக்கா. வாசல்ல ஒரு ஆம்பளை நிக்கறான். அப்பன்தான்னு நெனச்சு நீட்டிட்டா. வெந்நீரோட நான் வர்றேன், மழைக்கோட்டைக் கழட்டிப் போட்டுட்டு நிக்கறான், அவன் கையில நீ."

குட்டி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"கொடுடான்னேன். கொடுக்கல. இன்னும் அஞ்சு நிமிஷம்டான்னான். அஞ்சு நிமிஷம் வெச்சுட்டே நின்னான். அப்புறம்தான் கொடுத்தான். சீக்கிரம் போகணும், வீட்ல அவ கோவமா இருக்கா, இதைச் சொன்னா கோவத்தை எல்லாம் விட்டுட்டுக் குழந்தையைப் பாக்க ஓடி வருவா பாருன்னான். சிரிச்சுட்டே பாலத்துல ஏறினான். ரெண்டாவது கண்ணைத் தாண்டியிருப்பான். இடி விழுந்த மாதிரி சத்தம்."

"நீங்க வெளியே ஓடி வந்தீங்க" என்றார் டீச்சர்.

"வந்தேன். அவனுக்கு முன்னாலயும் பாலம் இல்ல, பின்னாலயும் இல்ல. ஆறாவது தூண் தலையில அவன் ஒருத்தன் நிக்கறான். கயிறு எடுத்துட்டு வர்றேன்டான்னு கத்தினேன். கையை ஆட்டி வேண்டாம்னான். சிவப்புக் கொடியை எடுத்துக் கிழக்கே காட்டினான். ரயிலைப் பாருன்னு. திரும்பத் திரும்ப அதையே காட்டினான். ஓடினேன். ரயிலை நிறுத்திட்டு வந்து பாத்தா, தண்ணி தூணுக்கு மேல போயிட்டு இருந்துச்சு."

அழுகை வந்துவிட்டது. கைகளில் எண்ணெய் இருந்ததால் முகத்தைத் துடைக்கவும் முடியவில்லை.

"மறுநாள் ஆபீசர் கேட்டார், மேற்கு ஆள் வந்தானான்னு. வந்தான்னா எங்க பாத்தேன்னு கேப்பாங்க. வரலைன்னுட்டேன். ஒரு வார்த்தை. உடம்பு கிடைச்சிடும், எல்லாம் சரியாயிடும்னு நெனச்சேன். கிடைக்கல. நான் ஓடிட்டான்னு சொல்லல டீச்சரம்மா. ஊர் சொல்லிச்சு. நான் பாத்துட்டு இருந்தேன்."

எழுந்து உள்ளே போனார். தலையணை உறைக்குள்ளிருந்து ஒரு வில்லையைக் கொண்டுவந்து பதினைந்தின் பக்கத்தில் வைத்தார். பதினாலு. தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது.

"என் வில்லையை அவன் ஆத்துல விட்டிருந்தா யாருக்குமே தெரிஞ்சிருக்காது" என்றார். "அவனுக்கு அது தோணியிருக்காது. சாகப் போறப்பவும் வில்லை தொலையக் கூடாதுன்னு கம்பி போட்டுக் கட்டியிருக்கான் பாருங்க."

மைனா எதையாவது சொல்லி இந்தக் கனத்தைக் குறைத்துவிடலாம் என்று பார்த்தான். ஒன்றும் கிடைக்கவில்லை. சுவரில் இருந்த பதக்கத்தைப் பார்க்கப் பிடிக்காமல் தரையைப் பார்த்தான்.

"எழுதிக்குங்க டீச்சரம்மா, கையெழுத்துப் போடறேன்" என்றார் கொடிக்காரர். "அவன் பேரைச் சரி பண்ணுங்க."

"எழுதிக்கறேன். ஆனா அது ரயில்வேக்கு. அவர் வீட்டம்மாவுக்கு யார் சொல்றது?"

 

"நான் சொல்றேன்" என்றாள் குட்டி.

*

அத்தை தையல் மெஷினை விட்டு எழவில்லை. குட்டி தரையில் உட்கார்ந்து, அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஒன்று விடாமல் சொன்னாள். தன் அப்பாவுக்காக ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. டீச்சரும் மைனாவும் வாசலை ஒட்டி நின்றார்கள். தெருவில் கொஞ்சம் தள்ளி, உச்சி வெயிலில், கொடிக்காரர் வந்து நின்றிருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

குட்டி முடித்ததும் அத்தை ஒன்றுதான் கேட்டார்.

"வந்துட்டுதான் இருந்தாரா?"

"வந்துட்டுதான் இருந்தார் அத்தை. உங்ககிட்ட சொல்றதுக்குத்தான் அவசரமா வந்தார்."

"அன்னைக்கே போயிட்டாரா?"

"அன்னைக்கேதான்."

அத்தை தலையை ஆட்டினார். சட்டைத் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"தினமும் திட்டுவேன்" என்றார், யாரிடம் என்று இல்லாமல். "காலையில எந்திரிச்ச உடனே திட்டுவேன். எவளோடயோ எங்கயோ நல்லா இருக்கார்னு நெனச்சுத் திட்டுவேன். நல்லா இருக்கட்டும்னும் நெனப்பேன். உயிரோட இருக்கறவரைத்தான திட்டறோம்னு இருந்தேன். இருபத்திரண்டு வருஷம். அத்தனையும் செத்த மனுஷனையா திட்டினேன்?"

 மெஷின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். சேதி இப்போதுதான் வந்த வீட்டில் அழுவார்களே, அந்த அழுகை. குட்டியும் அழுதாள். மைனா வெட்கப்படாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டான். டீச்சர் மட்டும் அழாமல் போய், பானையிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து வைத்தார்.

வெகுநேரம் கழித்து அத்தை தலையைத் தூக்கினார். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார்.

"உங்கப்பாவை வெயில்ல நிக்க வேண்டாம்னு சொல்லு."

குட்டி எழுந்தாள். "உள்ள வரச் சொல்லட்டுமா அத்தை?"

"வேண்டாம். என்னால முடியாது."

குட்டி வாசல்வரை போய்த் தயங்கினாள். அங்கேயும் போக முடியவில்லை, இங்கேயும் இருக்க முடியவில்லை. அத்தை எழுந்து போய் அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினார். எதையோ தேடுகிறவர்போல் பார்த்தார்.

"அவர் கையில அஞ்சு நிமிஷம் இருந்திருக்கே நீ."

"எனக்கு என்ன தெரியும் அத்தை."

"உனக்குத் தெரியாது. பாத்தவர் உங்கப்பா ஒருத்தர்தான்." அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "போய்க் கேட்டுட்டு வா. உன்னைக் கையில வெச்சிருந்தப்ப இவர் முகம் எப்படி இருந்துச்சுன்னு கேளு. உன்னை எப்படிப் பிடிச்சிருந்தார்னு கேளு. பொய் சொல்லாம சொல்லச் சொல்லு."

குட்டி வெயிலில் இறங்கிப் போனாள். அப்பாவின் கையைப் பிடித்து ஒரு இடிந்த சுவரின் நிழலுக்கு இழுத்துக்கொண்டு வந்து, அவரிடம் கேட்டாள். அவர் முதலில் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு பேசத் தொடங்கினார். என்ன சொன்னார் என்று இங்கே கேட்கவில்லை. இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தி, ஒரு பக்கம் லேசாகச் சாய்த்து, இப்படி, இப்படி என்று காட்டிக்கொண்டிருந்தார்.

அத்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.